ஸ்கிடூ ஓடப்போகிற வன்னிப் பெடியளுக்கு

பொங்கல் நேரம், இரணைமடுக் குளம் நிறைந்துகிடக்க நாங்கள் அரிவு வெட்டுக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் கனடாவில் இருந்து எனக்கு வேறுவிதமான குளத்துக் கேள்விகள் வரும். சிம்கோ ஏரிப் பக்கம் பல வருடம் இருந்து, சின்ன எஞ்சின்கள் திருத்தும் கராஜ் ஒன்றில் வேலை செய்துவிட்டு, இப்போது வட்டக்கச்சியில் வயலும் மாடுமாக இருக்கிற ஆள் நான். அதனால் சொந்தக்காரப் பெடியள் எல்லாருக்கும் ஸ்கிடூ, அதாவது ஸ்நோவில் ஓடுகிற வண்டி விஷயத்தில் நான்தான் விதானையார். இந்த முறை அண்ணையின் மகன் வாட்ஸப்பில் கேட்டான்: "சித்தப்பா, நாலு பேர் சேர்ந்து கொட்டேஜ் ஒண்டு எடுத்திருக்கிறம். ஏரி நல்லா இறுகிட்டுதாம். ஸ்கிடூ வாடகைக்கு எடுக்கலாம் எண்டு யோசிக்கிறம். மோட்டச்சைக்கிள் மாதிரித்தானே?"

குரல்பதிவில் பதில் சொல்லத் தொடங்கினேன், நீண்டுகொண்டே போனது. அவனைப்போல இன்னும் பல பேர் இங்கேயிருந்து போயிருக்கிறார்கள், வருடாவருடம் போய்க்கொண்டும் இருக்கிறார்கள், சரி எழுதியே விடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் மெஷின். ஸ்கிடூ என்பது உண்மையில் ஒரு கொம்பனி தன் வண்டிக்கு வைத்த பெயர், எங்கள் ஆட்கள் எல்லா ஸ்நோமொபைலையும் அப்படித்தான் சொல்வார்கள். கியூபெக்கில் வால்கூர் என்ற சின்ன ஊர்க்காரர் ஜோசப் ஆர்மண்ட் பொம்பார்டியே செய்தது. 1934 குளிர்காலத்தில் அவருடைய 2 வயது மகனுக்கு வயிற்றுக்குள் கிருமி தொற்றி, பாதை முழுக்க ஸ்நோ மூடியிருந்ததால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாமல் பிள்ளை இறந்துவிட்டது. அந்த மனிதர் அதற்கு முன்பே ஸ்நோவில் ஓடும் வாகனத்துக்கு மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தவர்தான், 1937இல் பல்சக்கரம் சுற்றும் றப்பர் ட்ராக்குக்கு, அதாவது சில்லுக்குப் பதிலாகச் சுழலும் பட்டிக்கு, காப்புரிமை எடுத்தார். ஆரம்பத்தில் செய்ததெல்லாம் பல பேர் ஏறக்கூடிய பெரிய வண்டிகள். ஒருவர் இருவர் ஓடும் சின்ன ஸ்கிடூ 1959இல்தான் வந்தது. மாரி வெள்ளத்தில் நோயாளியை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி ரோட்டுக்குக் கொண்டுவந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இந்தக் கதை உடனே விளங்கும்.

இப்போது அந்த மெஷினில் ஏறி உட்கார். கியர் மாற்றத் தேவையில்லை, கிளச் பிடிக்கத் தேவையில்லை. முறுக்குகிற அக்சிலேற்றரும் இல்லை. வலது கைப்பிடியில் பெருவிரலால் அமத்துகிற ஒரு சின்ன நெம்பு, அவ்வளவுதான். பிறேக் இடது கையில். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னர் அந்த நெம்பை நாலைந்து தரம் அமத்தி அமத்தி விட்டுப் பார்க்க வேண்டும், விட்டவுடன் 'டக்' என்று திரும்பி வருகிறதா என்று. இரவு வெளியில் நின்ற மெஷினில் கேபிளுக்குள் ஈரம் போய் உறைந்திருந்தால் அது திரும்பாது, நீ விரலை எடுத்தும் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். கராஜில் எங்களிடம் அடிபட்டு வந்த மெஷின்கள் சிலவற்றில் இந்தக் கேபிள்தான் காரணம். அதற்குத்தான் ஒரு சுருள் கயிறு தருவார்கள், ஒரு முனை மெஷினில், மறுமுனை உன் ஜாக்கெட்டில். நீ விழுந்தால் கயிறு கழன்று எஞ்சின் நின்றுவிடும். அதைக் கொழுவாமல் ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். காசு செலவில்லை, பாரமில்லை, கொழுவ இரண்டு செக்கன்கூட ஆகாது.

சரி, பாதை. ட்ரெயில் என்று அங்கே சொல்வது சும்மா காட்டுக்குள் விழுந்த வழி இல்லை, ஆட்கள் வேலை செய்து வைத்திருக்கிற பாதை. ஒன்ராறியோவில் ஸ்நோமொபைல் கழகங்களின் கூட்டமைப்பு ஒன்று இருக்கிறது, அதன் கீழ் ஊருக்கூர் கழகங்கள். கிட்டத்தட்ட 30,000 கிலோமீற்றர் பாதையை அவர்கள்தான் பார்க்கிறார்கள், பெரும்பாலும் தொண்டு வேலை. இங்கே போகத்துக்கு முதல் கமக்காரர் அமைப்பு ஆட்கள் வாய்க்கால் துப்பரவு பண்ண இறங்குவார்களே, அதே மாதிரி அங்கே கார்த்திகை மார்கழியில் விழுந்த மரம் வெட்டி, பாலம் திருத்தி, பலகை நட்டு வைப்பார்கள். பாதை பல இடங்களில் தனியாருடைய காணிக்குள்ளால்தான் போகிறது. காணிக்காரர் சும்மா விட்டுத்தருகிறார். நீ பாதையை விட்டு அவருடைய வயலுக்குள் இறங்கி வட்டமடித்துப் படம் எடுத்தால் அடுத்த வருடம் அவர் கம்பி அடித்துவிடுவார், அந்த ஊர் முழுக்கப் பாதை இல்லாமல் போகும். வயல் வரம்பில் மாடு இறங்கினாலே நாங்கள் என்ன பேச்சுப் பேசுவோம்!

விளக்குப் போட்ட பெரிய டிராக்டர் போன்ற ஒன்று, பின்னால் அகலமான இரும்புச் சட்டம் ஒன்றை இழுத்துக்கொண்டு இரவிரவாகப் பாதையில் ஊரும். குறூமர் என்பார்கள். சட்டத்துக்குள் சரிவாகப் பூட்டிய அலகுகள் இருக்கும். மெஷின்கள் ஓடி ஓடி, பிறேக் பிடித்துப் பிடித்து, ஸ்நோ மேடு பள்ளமாக வந்துவிடும், எங்கள் கிறவல் ரோட்டில் பஸ் ஓடி ஓடி வரிவரியாக விழுகிற குலுக்கல் மாதிரித்தான். அந்த அலகுகள் மேட்டைச் சீவி, சீவியதைக் கலக்கி, பள்ளத்தில் நிரப்பி, கடைசியில் ஒரு தட்டு அதை அமத்திவிட்டுப் போகும். ஆனால் உடனே அது பாதை ஆகாது. உடைந்த ஸ்நோத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகச் சில மணித்தியாலம் வேண்டும், குளிரும் வேண்டும். இரவில் செய்வது அதனால்தான், இரவில் ஆட்கள் ஓடுவதும் குறைவு. குறூமர் போன கையோடு அதன் பின்னால் நீ போனால் அவர்கள் செய்த வேலை முழுவதும் வீண். விடிய எழும்பிப் போய்ப் பார், பாதை முழுக்க மெல்லிய கோடு கோடாக, ஒரு தடமும் விழாமல், இறுகிப்போய்க் கிடக்கும். அதில் முதல் ஆளாக ஓடுகிற சுகம் வேறு எதிலும் இல்லை என்பேன்.

இரவில் ஓடும்போது எதிரே மஞ்சள் விளக்கு மின்னினால் அது குறூமர்தான். ஓரம் கட்டி நிற்பாட்டிவிட வேண்டும், அது போகும் வரைக்கும். பின்னால் வருகிறவர்கள் அதன் சட்டத்தைக் காணாமல் போய் மோதுவதும் உண்டு, கிளம்புகிற ஸ்நோத் தூசியில் ஒன்றும் தெரியாது.

கூட்டமைப்பின் வரைபடத்தைப் போனில் பார்க்கலாம். பச்சை என்றால் பாதை திறந்திருக்கிறது, மஞ்சள் என்றால் ஓடலாம் ஆனால் முழுசாகச் சரியில்லை, சிவப்பு என்றால் மூடியிருக்கிறது. சிவப்பில் போவது சும்மா ஒழுங்கு மீறல் என்று நினைக்காதே, ஸ்நோ போதாமலோ பாலம் பழுதாகியோ ஐஸ் பிடிக்காமலோதான் மூடியிருப்பார்கள். அந்தப் பாதைகளில் ஓடப் பேர்மிற் வாங்க வேண்டும், மெஷினுக்குப் பதிவும் இன்சூரன்சும் வேண்டும், தலையில் ஹெல்மெற் கட்டாயம். கார் லைசென்ஸ் உள்ள ஆளுக்கு 16 வயது கடந்திருந்தால் அதே போதும். பாதையில் உச்ச வேகம் மணிக்கு 50 கிலோமீற்றர்.

50 என்று கேட்டவுடன் பெடியள் சிரிப்பார்கள். ஏ9 ரோட்டில் நாங்கள் ஓடாத வேகமா? மரத்துக்கு நடுவில், இரண்டு மெஷின் மட்டுமட்டாகப் போகிற அகலத்தில், முன்னால் என்ன வருகிறதென்று தெரியாத வளைவில் 50 என்பது நிறையவே வேகம். பிறேக் பிடித்தால் காரைப்போல நிற்காது, ஐஸ் கலந்த இடத்தில் சறுக்கிக்கொண்டு போகும். அதோடு இந்த மெஷின் பின்னால் தள்ள, முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைதான் திருப்புகிறது, வளைவுக்குள் போய்ப் பிறேக் பிடித்தால் அது திரும்பாமல் நேரே போகும். வளைவுக்கு முதலே வேகத்தைக் குறைத்து, உடம்பை உள்பக்கம் சாய்த்து, மெல்ல அமத்திக்கொண்டு வெளியே வர வேண்டும்.

இங்கேதான் எங்கள் ஆட்களுக்கென்றே ஒரு வில்லங்கம் இருக்கிறது, இதை எந்த வெள்ளைக்காரப் பயிற்சியாளரும் உனக்குச் சொல்லித்தர மாட்டார். நாங்கள் பிறந்ததிலிருந்து இடப்பக்கம் ஓடி வளர்ந்தவர்கள். கனடாவில் கார் ஓடும்போது வலப்பக்கம் ஓடுவது பிரச்சினையில்லை, ரோட்டில் கோடு இருக்கிறது, முன்னால் கார் இருக்கிறது, ஸ்டியறிங்கே இடப்பக்கம் இருந்து ஞாபகப்படுத்தும். காட்டுப் பாதையில் கோடு இல்லை, முன்னால் ஆளில்லை, கையில் இருப்பது மோட்டச்சைக்கிள் மாதிரியான கைப்பிடி. திடீரென்று வளைவில் எதிரே ஒருத்தன் வந்தால் மூளை யோசிக்க முதல் உடம்பு இடப்பக்கம் பாயும், வட்டக்கச்சி ரோட்டில் லாண்ட் மாஸ்ரர் உழவு இயந்திரத்துக்கு விலகுகிற மாதிரி. எதிரே வருகிறவன் தன் வலப்பக்கம் ஒதுங்குவான். அது உன்னுடைய இடப்பக்கம். இரண்டு பேரும் ஒரே இடத்துக்கு. நான் இதைச் சும்மா சொல்லவில்லை, ஊரில் மோட்டச்சைக்கிள் ஓடிப் பழகிய ஆளுக்குப் பின்னால் இருந்து போகும்போது கண்ணால் கண்டது, நல்ல காலம் எதிரே வந்தவர் நின்றுவிட்டார். அதனால் முதல் நாள் மெதுவாக, வளைவு வளைவாக, வாய்விட்டு 'வலம், வலம்' என்று சொல்லிக்கொண்டாவது ஓடு. ஹெல்மெற்றுக்குள் யாருக்குக் கேட்கப்போகிறது.

கைச் சைகையும் உண்டு. எதிரே வருகிறவர் சில விரல்களைக் காட்டினால் தனக்குப் பின்னால் இத்தனை பேர் வருகிறார்கள் என்று அர்த்தம், முட்டியை மூடிக் காட்டினால் தான்தான் கடைசி. பழைய ஆட்கள் நிறையப்பேர் காட்டுவார்கள். நீ காட்டவேண்டிய தேவையில்லை, வளைவில் ஒரு கையை விடுவதை விட இரண்டு கையாலும் பிடித்திருப்பது மேல். மூடிய முட்டியைக் கண்டவுடன் பாதை முழுக்க உன்னுடையது என்றும் நினைக்காதே, அவருக்குப் பின்னால் வேறொரு கூட்டம் வரலாம்.

இனி ஏரி.

ஏரியைச் சுற்றிக் காட்டுக்குள்ளால் போகிற பாதையும் ஏரிக்கு மேலால் போவதும் ஒன்றல்ல. கரைப் பாதைக்கு ஒரு கழகம் பொறுப்பாக நிற்கிறது. ஏரிக்கு ஒருவரும் பொறுப்பில்லை, ஐஸின் தடிப்பு நூறு யார் தள்ளி மாறும், நேற்று இருந்தது இன்றைக்கு இருக்காது. சில ஏரிகளில் கழக ஆட்கள் ஐஸைத் துளைபோட்டு அளந்து, இரண்டு பக்கமும் தடி நட்டுப் பாதை விடுவார்கள். அந்தப் பாதை வரைபடத்தில் திறந்திருந்தால் தடிக்குள் போகலாம். தடிக்கு வெளியே போகக்கூடாது என்பதை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்கப்படுத்தத் தேவையில்லை என்றுதான் நினைக்கிறேன். மீள்குடியேறி வந்த காலத்தில் கண்ணிவெடி இருக்கு என்று மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைக்கும் நட்ட தடிக்கும் அந்தப்பக்கம் விறகு கிடந்தாலும் மாடு போனாலும் நாங்கள் கால் வைக்கவில்லையே.

தடி இல்லாத ஏரியில் இறங்காதே என்பதுதான் என் பேச்சு. ஆனாலும் நாலு பேர் கொட்டேஜ் எடுத்தால் வாசலில் ஏரி இருக்கும், இறங்கத்தான் போகிறார்கள். அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்.

குளம் பற்றி எங்களுக்கு அறிவு குறைவு இல்லை. இரணைமடுவில் குளிக்கப் போகிற சின்னப் பிள்ளைக்கும் தண்ணீர் திறந்துவிடுகிற துருசுக்குக் கிட்டப் போகக்கூடாது என்று தெரியும், கனகராயன் ஆறு வந்து விழுகிற பக்கம் நீரோட்டம் வேறு என்று தெரியும். 2018 மார்கழியில் வான் கதவுகள் எல்லாம் திறந்தபோது தண்ணீர் எவ்வளவு வேகமாகப் போகும் என்று கிளிநொச்சியே பார்த்தது. மேலே பார்க்கக் குளம் ஒரே தட்டாகக் கிடந்தாலும் அடியில் எங்கே ஓடுகிறது என்பதைத்தான் நாங்கள் முதலில் கேட்போம். அந்தக் கேள்வியையே அங்கேயும் கேள். ஓடுகிற தண்ணீர் மெல்லிய ஐஸைத்தான் பிடிக்கும். ஆறு வந்து சேரும் வாய், ஏரி வெளியேறும் வாய், இரண்டு ஏரியைத் தொடுக்கும் ஒடுக்கம், பாலத்தின் அடி, ஊற்று உள்ள இடம், இவற்றில் எல்லாம் ஐஸ் ஏமாற்றும். சிம்கோ ஏரியின் தண்ணீர் வடக்கே ஒறிலியாவுக்குக் கிட்ட அதர்லி ஒடுக்கம் வழியாகக் கூச்சிசிங் ஏரிக்குப் போகிறது. நடு ஏரியில் ஆட்கள் குடில் போட்டு மீன் பிடித்துக்கொண்டிருக்கிற அதே நாளில் அந்த ஒடுக்கத்தில் கறுப்பாகத் தண்ணீர் அசைவதைப் பார்க்கலாம். அதற்குக் கிட்டவாக ஸ்நோவின் நிறம் மாறும், வெள்ளை மங்கிச் சாம்பலாகி, ஈரத்துணியை விரித்த மாதிரி ஒரு கறை. அங்கேயிருந்து திரும்பிவிட வேண்டியதுதான்.

எங்கள் குளத்தில் இல்லாத ஒன்றும் அங்கே உண்டு. கொட்டேஜ்காரர் தங்கள் வள்ளத்துறையை ஐஸ் நெரித்து உடைக்காமல் இருக்க, துறையின் அடியில் காற்றுக் குமிழி விடுகிற மெஷின் பூட்டுவார்கள். அதைச் சுற்றி ஐஸே பிடிக்காது. கரையோரம்தானே, பாதுகாப்பு என்று வீடுகளை ஒட்டி ஓடுகிறவன் நேரே அதற்குள் போவான்.

நிறத்தைப் பார்க்கப் பழகு. கண்ணாடி மாதிரித் தெளிந்த, கொஞ்சம் நீலமோ கறுப்போ அடிக்கிற ஐஸ்தான் வலு. ஸ்நோ கரைந்து உறைந்த வெள்ளை ஐஸ் அதில் பாதி வலுத்தான். சாம்பல் நிறம் என்றால் உள்ளே தண்ணீர் இருக்கிறது, விலகு. கனடாச் செஞ்சிலுவைச் சங்கம் சொல்கிற கணக்கு, தனி ஆள் நடக்க 15 சென்ரிமீற்றர், ஸ்நோமொபைலுக்கு 25, அதுவும் தெளிந்த ஐஸுக்கு. வெள்ளை ஐஸ் என்றால் இரட்டிப்பாக வைத்துக்கொள். நல்ல குளிர்தானே, இறுகியிருக்கும் என்று சொல்லவும் முடியாது, ஐஸுக்கு மேல் ஸ்நோ தடிப்பாக விழுந்தால் குளிர் கீழே இறங்காது, ஐஸ் மெல்லவே தடிக்கும். அந்த ஸ்நோவின் பாரத்தில் ஐஸ் தாழ்ந்து, வெடிப்புகளுக்குள்ளால் தண்ணீர் மேலே ஏறி, ஸ்நோவின் அடியில் கூழாக ஒளிந்திருக்கும். மெஷின் அதற்குள் புதைந்தால் நாலு பேர் தூக்கினாலும் லேசில் வராது, இரவு விட்டுவிட்டு வந்தால் காலையில் கல்லோடு கல்லாக உறைந்திருக்கும். இன்னொன்று, மெக்கானிக்காகச் சொல்கிறேன்: பெரும்பாலான இப்போதைய எஞ்சின்கள் ட்ராக் கிளப்புகிற ஸ்நோ வந்து படுவதால்தான் சூடு ஆறுகின்றன. ஸ்நோ இல்லாத வெறும் ஐஸில் அரை மணித்தியாலம் விரட்டினால் சூடேறும் விளக்கு எரியும்.

உள்ளே விழுந்தால்? கோர்டன் கீஸ்பிரெக்ற் என்பவர் மனிற்றோபா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகத் தானே குளிர் தண்ணீருக்குள் இறங்கி ஆராய்ந்தவர். அவர் சொல்கிற கணக்கு 1, 10, 1. முதல் 1 நிமிடம் மூச்சு உன் சொல் கேட்காது, இழுத்து இழுத்து வாங்கும். அந்த ஒரு நிமிடம் தலையை மேலே வைத்து மூச்சை அடக்குவதுதான் வேலை. அடுத்த 10 நிமிடம் கை கால் வேலை செய்யும். அதற்குப் பிறகும் கிட்டத்தட்ட 1 மணித்தியாலம் வரை நினைவு இருக்கும், மிதக்கிற உடுப்புப் போட்டிருந்தால். குளிர் உடனே கொன்றுவிடும் என்று பதறித்தான் பல பேர் அந்த முதல் நிமிடத்திலேயே தண்ணீரைக் குடித்துவிடுகிறார்கள். எந்தப் பக்கத்தால் வந்தாயோ அந்தப் பக்கம் திரும்பு, அதுதான் உன்னைத் தாங்கிய ஐஸ். கைகளை ஐஸுக்கு மேல் நீட்டி, காலைப் பின்னால் நீச்சலடிக்கிற மாதிரி அடித்து, வயிற்றால் வழுக்கி ஏறு. ஏறியதும் எழும்பி நிற்காதே, உருண்டுகொண்டு தள்ளிப் போ. ஈரக் கையால் ஐஸைப் பிடிக்க முடியாது, அதற்கு இரண்டு கைப்பிடியில் கூரான ஆணி வைத்த மாதிரி ஒரு சாமான் விற்கிறது. கழுத்தில் தொங்க வேண்டும், பெட்டிக்குள் இருந்து பிரயோசனமில்லை. மிதக்கிற ஜாக்கெட்டும் போட்டிருந்தால் நல்லது. குளத்தில் பிறந்து வளர்ந்தவன், நீச்சல் தெரியும் என்கிற கதை அந்தத் தண்ணீரில் எடுபடாது.

உடுப்பு பற்றிச் சுருக்கமாக. மைனஸ் 20இல், காற்றே இல்லாவிட்டாலும், 50 வேகத்தில் ஓடினால் முகத்துக்கு அது மைனஸ் 35 மாதிரி. மூடாத தோல் 10 நிமிடத்தில் இருந்து உறையத் தொடங்கலாம். உள்ளே பருத்தி பெனியன் போடாதே, வியர்வையை வைத்துக்கொண்டு உன்னைக் குளிராக்கும். கம்பளி அல்லது அந்த விளையாட்டு உடுப்புத் துணி.

குடி. கொட்டேஜ் என்றால் போத்தல் இருக்கும், தெரியும். ஓடி முடித்து மெஷினை மூடிவிட்டுக் குடி, நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். குடித்துவிட்டு ஸ்நோமொபைல் ஓடிப் பிடிபட்டால் அங்கே கார் லைசென்சும் போகும், சட்டம் ஒன்றுதான். அங்கே பொலிஸ் வருடாவருடம் சொல்கிற சாவுக் காரணங்கள் மாறுவதே இல்லை: வேகம், குடி, மெல்லிய ஐஸ், பாதையை விட்டு இறங்கியது. நாலு பேரில் ஒருத்தன் குடித்திருந்தாலும் அன்றைக்குப் பயணம் இல்லை என்று முதலே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இறங்கிய பிறகு பேசினால் சண்டைதான் வரும்.

கூட்டமாகப் போகும்போது அனுபவம் குறைந்தவனை நடுவில் விடுங்கள், கடைசியில் விடாதீர்கள். ரோட்டைக் கடக்கும் இடத்தில் ஒவ்வொருவனும் நின்று தானே பார்த்துக் கடக்க வேண்டும், முன்னால் போனவன் கை காட்டினான் என்று போகக்கூடாது.

கடைசியாக, வெளிக்கிட முதல் எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கனடாவில் இருக்கிற ஆளுக்குச் சொல்லிவிட்டுப் போங்கள், கொட்டேஜில் நிற்கிற ஒருத்தருக்கோ ஸ்காபரோவில் இருக்கிற அக்காவுக்கோ. இங்கே அம்மாவுக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போவதில் ஒரு பிரயோசனமும் இல்லை, அங்கே பின்நேரம் 2 மணி என்றால் இங்கே நள்ளிரவு 12.30. நீ காட்டுக்குள் நிற்கும்போது அவ நித்திரை, எழும்பிப் போனைப் பார்க்க விடிந்துவிடும். அம்மாவுக்குப் படம் அனுப்பு, எல்லாம் முடிந்து கொட்டேஜுக்கு வந்து உடுப்பு மாற்றிய பிறகு.